எங்கள் பெரியப்பாவையும் கணக்கில் சேருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு,

வணக்கம். திருமங்கலத்தில் முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர் என் பெரியப்பா. கோழி கிண்டியது போன்ற மருந்துச் சீட்டையும் படித்துவிடுவார். ஒருநாள் சில்லறை எண்ணத் திணறினார். அடுத்த வாரம் நடை தள்ளாடியது. அப்புறம் கை கால்கள் வெடுக் வெடுக்கென்று உதறின. முதலில் காட்டிய இடத்தில் வாதம் என்றார்கள், அடுத்த இடத்தில் மனநோய் என்றார்கள். அத்தை பேச்சைக் கேட்டு பாண்டி கோயிலுக்கும் கூட்டிப் போனோம். குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் என்ற பெயர் எங்கள் காதில் விழுந்தபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. ஐந்தாம் மாதம் போய்விட்டார்.

"கடை நிறைய மருந்து இருந்துச்சே, இவுகளுக்கு ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று கேட்டார் பெரியம்மா.

இல்லைதான். இந்த நோயில், மூளையில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடிக்கிறது. அதுதான் பிரியான். மருந்து தேடாமல் இல்லை. மலேரியாவுக்குக் கொடுத்த பழைய குயினாக்ரின், 2001-இல் ஆய்வகச் செல்களில் பிரியானைத் தடுத்தது. பிரிட்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. பெரியப்பா தினமும் விற்ற டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இத்தாலி, பிரான்ஸ் சோதனையில் தோற்றது. மஞ்சளின் குர்குமின் செல்களில் வேலை செய்தது, ஹாம்ஸ்டர் எலிகளிடம் பலிக்கவில்லை. (வாட்ஸ்அப்பில் மஞ்சள் வைத்தியம் அனுப்பும் சொந்தக்காரர்கள் கவனிக்க.) ஐஎன்டி24 என்ற சோதனை மருந்து எலிகளின் ஆயுளை நீட்டியது, மனிதப் பிரியானிடம் கைவிரித்துவிட்டது.

இப்போது அந்தப் புரதம் உற்பத்தியாவதையே குறைக்கப் பார்க்கிறார்கள். ஐஓஎன்717 என்ற மருந்தை முதுகுத் தண்டுநீரில் செலுத்தி, நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். அது பலித்தாலும், செத்துப்போன நரம்புச் செல் திரும்பாது. முதல் சில வாரங்களிலேயே நோயைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நம்மிடம் அது நடக்குமா? இந்த நோய் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நாம் 7.21 கோடி. ஆண்டுக்கு எழுபது பேராவது இருக்க வேண்டும். எத்தனை பேர் வாதம், மறதி, வயசு என்ற பெயர்களில் போய்ச் சேர்கிறார்களோ!

பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கென்றே பதிவேடு இருக்கிறது. வாரக்கணக்கில் மறதி முற்றி, நடையும் தள்ளாடி ஒருவர் வந்தால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கவும், தண்டுநீரைப் பரிசோதிக்கவும், அந்தப் பதிவேட்டுக்குத் தகவல் அனுப்பவும் ஒரு சுற்றறிக்கை விடுங்கள். மதுரை மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பெரியப்பாவின் ஸ்கேன் படங்கள் கடை அலமாரியில்தான் இருக்கின்றன. கேட்டால் நானே கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி மகன்,
திருமங்கலம்