பாப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். பாப்பா ஒன்றரை வயதிலேயே பிஸ்கட் டப்பாவைக் கைகாட்டி அழுகிறாள், சர்க்கரை சேர்க்காமல் வீட்டிலேயே சுட முடியுமா என்று கேட்டாயே, தாராளமாகச் சுடலாம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். பேக்கரி அடுப்புக்கு முன்னாலேயே காலம் கழித்தவன் நான், மாவு விஷயத்தில் என் பேச்சை நீ நம்பலாம்.

முதலில் கருப்பட்டி. சம்பந்தியம்மா உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், அதைப் போட்டால் நல்லதுதானே என்று கேட்டாய். பாப்பாவுக்கு வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். கருப்பட்டியில் தாது உப்பு கொஞ்சம் கூட இருக்கிறது, ஆனால் அதற்காகக் குழந்தைக்கு இனிப்பைக் கொடுக்க முடியாது. இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கில் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது. தேனும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். சம்பந்தியம்மா ஆசையாகக் கொடுத்தது, அதை நீங்கள் இருவரும் காப்பியில் அளவாகப் போட்டுக் குடியுங்கள்.

'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகளையும் நம்பி வாங்காதே. பின்பக்கம் பொடி எழுத்தில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் என்று இருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் லேபிள் கணக்கில் சர்க்கரையாக வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரை அளவை மளமளவென்று ஏற்றும்.

இனி மாவு. பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. அடுப்புச் சூட்டில் உருகி மாவைப் பரவ விடுவது அதுதான். ஆறியதும் மொறுமொறுப்பு தருவதும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சை வராமல் காப்பதும் அதுதான். பட்டர் பிஸ்கட்டில் ஒரு கிலோ மைதாவுக்கு அரை கிலோ சர்க்கரை போடுவோம். அதை எடுத்துவிட்டால் நீ வைத்த உருண்டை வைத்தபடியே வேகும். அதனால் தட்டில் வைத்ததும் முள்கரண்டியால் அரை விரல் கனத்துக்கு அமுக்கிவிடு. மொறுமொறுப்பை எதிர்பார்க்காதே. இது மெத்தென்றுதான் இருக்கும், பாப்பாவின் பல்லுக்கு அதுவே நல்லது.

இனிப்புக்குப் பேரீச்சம்பழம் 100 கிராம் போதும். கொட்டை நீக்கியது என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் பிளந்து பார்த்துவிடு. சிலதில் கொட்டைத் துண்டு மாட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கறுத்துத் தூள் தூளாக இருந்தால் பூச்சி அரித்தது, தூக்கிப் போடு. காம்பு முனையில் ஒட்டியிருக்கும் சின்னத் தொப்பியையும் கிள்ளி எடு, அது மிக்ஸியில் அரைபடாது. அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொதிநீர் ஊற்றி, அரை மணி நேரம் மூடி வை. அப்புறம் அந்தத் தண்ணீரோடேயே நைசாக அரை. தண்ணீரைக் கொட்டினால் இனிப்பும் கூடவே போய்விடும்.

கோதுமை மாவு 120 கிராம், கேழ்வரகு மாவு 80 கிராம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு, வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது. ஆனால் அதில் பசைத்தன்மை கிடையாது, தனியாகச் சுட்டால் உதிர்ந்துவிடும், கோதுமையோடு சேர்த்தால்தான் பிடிக்கும். பச்சை வாசனை போகக் கேழ்வரகு மாவைச் சிறு தீயில் வறுத்து ஆறவிடு. அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்த் தூள் சேர்த்துச் சலி. ஏலக்காயைத் தாராளமாகவே போடு. வாசனை இருந்தால் நாக்குக்கு இனிப்பு கூடுதலாகத் தெரியும்.

நெய் 80 கிராம், உறைந்த நெய்யாக இருக்க வேண்டும். உருக்கி ஊற்றினால் மாவு எண்ணெய் கக்கும். நெய்யையும் பேரீச்சை விழுதையும் நன்றாகக் குழைத்து, மாவைக் கொட்டி, சேர்ந்து வரும் வரை மட்டும் பிசை. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். பிசுபிசுவென்று ஒட்டினால் மாவு கூட்டாதே, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை, சரியாகிவிடும். பாதாம், முந்திரி போட ஆசைப்பட்டால் பொடித்துப் போடு. முழுக் கொட்டையோ பெரிய துண்டோ இந்த வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சுடும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். உன் ஓ.டி.ஜி. மின்சார அடுப்பைப் பத்து நிமிடம் முன்னதாகவே சூடாக்கி, 165 டிகிரியில், நடுத்தட்டில் வை. 180 வேண்டாம். பழத்துச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்து கருகும். இன்னொரு சிக்கல், கேழ்வரகும் பேரீச்சையும் சேர்ந்த மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்பு நிறம்தான், அதனால் மேல் நிறத்தை வைத்துப் பதம் சொல்லவே முடியாது. பன்னிரண்டாவது நிமிடத்தில் கதவைத் திறந்து ஒன்றை மெல்லப் புரட்டு. அடி உலர்ந்து, ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தால் எடுத்துவிடலாம். அடி ஈரமாகப் பளபளத்தால் இன்னும் மூன்று நிமிடம் விடு. நடுப்பகுதி தொட்டால் அமுங்கும், பயப்படாதே, கம்பித் தட்டில் ஆறும்போது இறுகிவிடும்.

இருபதுக்கு மேல் வரும். இரண்டு நாள் டப்பாவில் வைக்கலாம், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வை. மழைக்காலத்துப் புனேயில் வெளியே வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

பேரீச்சையிலும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நாரோடு சேர்ந்து வருவதால் வெள்ளைச் சர்க்கரையைவிட மேல், அவ்வளவுதான். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் மூன்று கிராம் அளவுக்கு இருக்கும். ஆகவே பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு ஒன்று போதும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கப் பழக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் இங்கே நான் பேரீச்சையை 60 கிராமாகக் குறைத்துத்தான் சுடுகிறேன். அவளும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாள். அந்த இனிப்பே அவளுக்கு இப்போது தாராளமாக இருக்கிறதாம். பாப்பாவின் நாக்கு இன்னும் எதற்கும் பழகவில்லை. இப்போதே மட்டான இனிப்பில் வளர்ந்தால் பிறகு அவளை யாரும் கட்டுப்படுத்த வேண்டியிருக்காது. எனக்கு இதில் அவ்வளவு அக்கறை, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுடுவதாக மருமகள் சொன்னாள். முதல் தட்டு ஆறியதும் இரண்டு பிஸ்கட்டைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சூட்டைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா