செயலாளரின் ஆண்டறிக்கை: முகம் காட்டிய கற்கள்

தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கல் சேகரிப்போர் சங்கத்தின் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே, ஆண்டு முழுக்க நம்மைப் பேச வைத்த, முகம் போலத் தெரியும் முகக்கற்களுக்கே நேராக வருகிறேன்.

காட்சிக்கு வந்தவற்றில் கொட்டாவி விடும் கூழாங்கல் இருந்தது, உர்ரென்று முறைக்கும் மணற்கல் இருந்தது. எல்லோரையும் வாய்விட்டுச் சிரிக்க வைத்தது அறுத்து மெருகேற்றிய ஓர் அகேட், அதாவது வரிவரியாகப் படலங்கள் கொண்ட கல். உருண்ட இரண்டு கண்கள், கீழே பிளந்த வாய்! அகேட் உருவாவது இப்படி: எரிமலைக் குழம்பு இறுகும்போது அதில் சிக்கிய வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றுவிடும். சிலிக்கா என்ற கனிமப் பொருள் கரைந்த நீர் அவற்றுக்குள் கசிந்து, சுவரை ஒட்டிப் படலம் படலமாகப் படியும். நடுவில் மிஞ்சும் இடத்தில் சில நேரம் குவார்ட்ஸ் படிகங்கள் வளரும், சில நேரம் அது காலியாகவே இருக்கும். நம் கல்லில் அந்தக் காலியிடம்தான் வாய். ரம்பம் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் இந்த முகமே கிடைத்திருக்காது.

இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்காவின் மகபான்ஸ்காட் குகையில் 1925இல் ஒரு செம்பழுப்புக் கூழாங்கல் கிடைத்தது. அதில் இரண்டு கண்களும் வாயும் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. அந்தக் குகைக்குச் சொந்தமான கல் அல்ல அது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மனிதருக்கு முந்திய ஆஸ்திரலோபிதிகஸ் இனத்தவர் யாரோ முகத்தைப் பார்த்து எடுத்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் பொழுதுபோக்கு அவ்வளவு பழையது!

அப்புறம், வெளிச்சம். 1976இல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படத்தில் செவ்வாய்க் கோளில் ஒரு பெரிய மனித முகம் தெரிந்தது. தாழ்ந்த சூரியனின் நிழல் செய்த வேலை அது. 1998லும் 2001லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் தெளிவாகப் படமெடுத்தபோது வெறும் குன்றுதான் இருந்தது. நம் கற்களும் அப்படித்தான், விளக்கை நகர்த்தினால் மூக்கு போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு கல்லையும் இரண்டு பக்க வெளிச்சத்தில் படமெடுத்து, விளக்கு இருந்த திசையையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

அதிகம் விவாதித்த தீர்மானம் ஒன்று உண்டு. கண்ணைக் குடைந்து ஆழமாக்கிய கல், வாய்க்குச் சாயம் பூசிய கல் இனிக் காட்சியில் ஏற்கப்படாது. நீரில் கழுவலாம், மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டலாம், அகேட்டை அறுத்து மெருகேற்றலாம். அதற்கு மேல் கை வைத்தால் அது சிற்பம். சிற்பம் நல்ல கலைதான், ஆனால் நாம் தேடுவது அதுவல்ல. ஒரு கோடுகூடச் சேர்க்காமலே கல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதே, அந்த வியப்புக்காகத்தான் இத்தனை பேர் கூடுகிறோம்.

பதிவேட்டுப் பணியில் உதவ இன்னும் சிலர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்