பக்கத்து நிலத்து மிளகாய்ச் செடிகளை அகற்றக் கோரி மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய விவசாய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு மாநிலம் செபராங் பிறையில் உள்ள எங்கள் மிளகாய்த் தோட்டம் உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் பாலம் தாண்டி இடப்பக்கம், மானியத்துக்காக நீங்களே வந்து பார்த்த இடம். இரண்டு மனு கொடுத்தோம், நடவடிக்கை இல்லை. தயவுசெய்து இதையாவது படியுங்கள்.

1. வந்திருப்பது வைரஸ் நோய். கொழுந்து இலையில் நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை, இடையில் வெளிர்த் திட்டு, இலை சிறுத்து நெளிகிறது, பூ கொட்டுகிறது.

2. முதல் மனுவின்போது உங்கள் அலுவலகத்தில், வேர் அழுகலாக இருக்கும், மருந்து ஊற்றுங்கள் என்றார்கள். செடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தோம் ஐயா. வேர் நூல் நூலாக வெள்ளை, தண்டைக் கீறினால் உள்ளே பச்சை. அழுகல் மருந்து இதை என்ன செய்யும்? நோய் வந்த செடியைக் காப்பாற்ற மருந்தே கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும். சரி என்று காய் பிடித்திருந்த 300 செடியை எங்கள் கையாலேயே பிடுங்கிப் புதைத்தோம்.

3. ஆனால் பக்கத்து நிலம்? குத்தகைக்காரர் விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது, அவருடைய பழைய மிளகாய்ச் செடிகள் நோயோடு களைக்குள் அப்படியே நிற்கின்றன, இலையைத் திருப்பினால் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. அந்தப் பூச்சி நோயுள்ள செடியில் குத்திவிட்டு நல்ல செடியில் சில விநாடி குத்தினாலே போதும், வைரஸ் ஏறிவிடும். மருந்தடித்தாலும் அது சாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பூச்சி அண்டாமல் இருக்க வலைக்குள் நாற்று வளர்த்தோம், பாத்தியில் வெள்ளி நிற பிளாஸ்டிக் விரித்தோம், கடன் வாங்கித்தான். நட்ட மூன்றாம் வாரமே வேலியோர வரிசையில் முதல் கொழுந்து நெளிந்தது. அம்மா அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாங்களே போய்ப் பிடுங்கலாம் என்றால் அடுத்தவர் நிலம், கால் வைத்தால் வழக்கு என்கிறார்கள். அப்புறம் நாங்கள் என்னதான் செய்வது? பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது ஐயா, ஒருவர்கூட வந்து பார்க்கவில்லையே!

4. இலை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.

5. அந்தச் செடிகளைப் பிடுங்க உத்தரவு கொடுங்கள். ஆள்கூட வேண்டாம், அனுமதி மட்டும் போதும், நாங்களே ஒரே நாளில் பிடுங்கிவிடுகிறோம்.

அடுத்த நாற்று வலைக்குள் நான்கு இலை விட்டு நிற்கிறது. அதை நடுவதற்குள் வாருங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
வாய்க்கால் ஓர மிளகாய் விவசாயிகள்