கூண்டில் வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தோட்டக்கலைப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வளைகுடாக் கடற்கரையை ஒட்டிய ஊரில், சில ஆண்டுகளாக இவற்றுக்கென்றே செடி வளர்த்துவருகிறேன். கட்டுரையாளரின் ஆர்வம் எனக்கும் உண்டு என்றாலும், கண்ணில் பட்ட முட்டைகளையெல்லாம் சேகரித்து வலைக்கூண்டில் வளர்த்துப் பறக்கவிடுவதே இவ்வினத்தைக் காக்கும் வழி என்று அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரே கூண்டில் நாற்பது புழுக்களுக்கு மேல் வைத்திருந்தேன். கூட்டுப்புழுக்கள் பலவற்றில் வண்ணத்துப்பூச்சி வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே ஒழுங்கற்ற கரும்புள்ளிகள் தோன்றின. வெளிவந்தவற்றில் பாதி, சுருங்கிய சிறகுகளோடு கூண்டின் தரையில் விழுந்து கிடந்தன. ஓ.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒஃப்ரியோசிஸ்டிஸ் எலெக்ட்ரோசிர்ரா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியைப் பற்றி அதன் பிறகே அறிந்தேன். நோயுற்ற பெண் பூச்சியின் வயிற்றுச் செதில்களுக்கிடையே உள்ள இந்த ஒட்டுண்ணியின் நுண்வித்துகள், அது முட்டையிடும்போது முட்டையின் மீதும் இலையின் மீதும் உதிர்கின்றன. பொரித்து வரும் புழு முதலில் தன் முட்டையோட்டையும் பிறகு இலையையும் தின்னும்போதே நோயையும் சேர்த்து உண்டுவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது. நெரிசலான கூண்டில் ஒரு நோயுற்ற பூச்சி வெளிவந்து சிறகடித்தால், அடுத்த தொகுதிக்கு வைத்திருக்கும் இலைகள் அனைத்திலும் வித்துகள் படிந்துவிடும். ஒளிபுகும் ஒட்டுநாடாவை வயிற்றில் மெல்ல ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும். நலமாகப் பறக்கும் பூச்சியும் நோயைச் சுமந்திருக்கக்கூடும். கூண்டைத் தண்ணீரில் அலசினால் போதாது, ப்ளீச் கரைசலில் ஊறவைக்க வேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

புழு கறுத்துக் கூழாகிச் சாவது பெரும்பாலும் வைரஸ் அல்லது பாக்டீரியாவால். ஈரமும் எச்சமும் தேங்கிய கூண்டில் அது விரைந்து பரவும். இறந்த புழுவிலிருந்து வெள்ளை நூல் தொங்கினால் அது புழுவின் உடலுக்குள் தன் குஞ்சுகளை வளர்க்கும் டாக்கினிட் ஈயின் வேலை. அந்த ஈயும் இயற்கையின் ஒரு பகுதிதான் என்பதால் அதை எண்ணி நான் வருந்துவதில்லை. நாற்றுப் பண்ணையில் வாங்கிய செடியைத் தின்று ஒரே நாளில் என் புழுக்கள் அனைத்தும் மடிந்ததுதான் வருத்தம் தந்தது. விற்பனைக்கு வரும் முன் பூச்சிக்கொல்லி இடப்பட்டதா என்று கேட்காமல் வாங்கியது என் தவறு.

கட்டுரை பரிந்துரைத்த செடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடிகளை மட்டுமே மொனார்க் புழுக்கள் உண்கின்றன. அவற்றுள் கட்டுரை பரிந்துரைத்த, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட், எங்கள் பகுதியைப் போன்ற கடுங்குளிரில்லாத இடங்களில் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கிறது. மெக்சிகோவின் மலைக்காடுகளுக்கு வலசை போக வேண்டிய பூச்சிகள் அதைக் கண்டு இங்கேயே தங்கி இனம்பெருக்குகின்றன; இலைகளிலோ வித்துகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்கின்றன. நெடும்பயணத்தில் நோயுற்றவை வழியிலேயே விழுந்துவிடுவதால் வலசை போகும் கூட்டங்களில் நோய் குறைவாகவும், வலசை போகாத தென் புளோரிடாக் கூட்டங்களில் மிக அதிகமாகவும் இருக்கிறது. உள்நாட்டு மில்க்வீட் குளிர்காலத்தில் தானே பட்டுப்போய்விடும் என்பதால் அதையே நடுவது நல்லது; வெப்பமண்டல வகையை வைத்திருப்போர் இலையுதிர்காலத்தில் அதைத் தரையோடு ஒட்ட வெட்டி, குளிர்காலம் முழுவதும் துளிர்களையும் கிள்ளிவிட வேண்டும்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. வலசை போகும் மொனார்க்கை, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யு.சி.என். அமைப்பு 2022இல் 'அருகிவரும்' பட்டியலில் சேர்த்தது உண்மையே. ஆனால் 2023இல் அதை ஒருபடி கீழான 'அழிவாய்ப்புள்ள' நிலைக்கு மாற்றியது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் தங்களுக்கு வாசகர்கள் இருப்பதால், செடிகளை வெட்ட வேண்டிய இந்தக் குறிப்பையாவது அக்டோபருக்கு முன் அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர் ஒருவர்