ஸ்டெப்னிக்கும் வயதாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் கொட்டும் மழையில் என் கார் பஞ்சரானது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை! ஒருநாளும் ஓடாத டயர். தரையைப் பிடிக்கும் பட்டன்கள் தேயவில்லை, ஆனால் ரப்பர் முழுக்க வெடிப்பு. பக்கவாட்டில் '2314' என்ற எண். 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பழுது நீக்க வந்த இளைஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு வெட்கக்கேடு: டயரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண், அது தாங்கும் உச்ச அளவு. நிரப்ப வேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே அளக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நான் தவறான எண்ணைப் பார்த்தே நிரப்பியிருக்கிறேன்.

சர்வீஸ் நிலையங்கள் தரும் பட்டியலில் ஸ்டெப்னிக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன?

இப்படிக்கு,
மழையில் நனைந்த வாசகர்