கொங்கு மண்டலக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கலை அறிவியல் கல்லூரிகளையும் பாலிடெக்னிக்குகளையும் நடத்திவரும் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சிறப்பாசிரியராக இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இப்பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுத இயலாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? பள்ளி முடிந்ததும் பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். சிலர் மெழுகுவத்தியும் காகித உறையும் செய்யும் மையங்களில் ஆண்டுக்கணக்கில் பயிற்சியாளர்களாகவே இருந்துவிடுகிறார்கள். பனியன் கம்பெனிகளும் பம்ப் தொழிற்சாலைகளும் மஞ்சள் மண்டிகளும் நிறைந்து, ஆள் கிடைக்கவில்லை என்ற குறை அன்றாடம் கேட்கும் நம் பகுதியில் இப்படி நடப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இவர்களுக்கென ஓராண்டுப் படிப்பைத் தொடங்குங்கள். அதன் பெரும்பகுதி வகுப்பறையில் அல்லாமல் வேலைத்தளத்திலேயே நடக்கட்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996-இல் தொடங்கிய ‘புராஜெக்ட் சர்ச்’ திட்டத்தில் மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்து, பிரிவு மாறிப் பிரிவாக வேலை பழகுகிறார்கள். இங்கிலாந்தின் கல்லூரிகளிலும் இதை ஒத்த படிப்புகள் உள்ளன. அங்கே பணிப் பயிற்றுநர் ஒருவர் மாணவருக்குத் துணை நிற்கிறார்.

வேலைத்தளம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்து காட்டுவதுதான் எங்கள் மாணவர்கள் பலருக்கும் கடினம். பள்ளியில் அட்டை வைத்துப் பனியனைப் பிசகில்லாமல் மடித்த மாணவன், கம்பெனியின் பேக்கிங் பிரிவில், “சீக்கிரம் முடிப்பா” என்று சூப்பர்வைசர் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எவ்வளவு மடித்தால் முடிந்ததாகும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. உடன் வந்த பயிற்றுநர், “இந்தப் பெட்டி நிறையற வரைக்கும் மடி, நிறைஞ்சதும் டேப் ஒட்டு” என்றார். சைஸ் ஸ்டிக்கர்களை நிறம் பார்த்துத் தனித்தனி டப்பாக்களில் போட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவன் வேலை தடையின்றி ஓடியது. அங்கே மாற்ற வேண்டியிருந்தது இவ்வளவுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க அந்த மேசையருகே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே, கட்டடம் கட்டுவதற்கு முன் பணிப் பயிற்றுநர்களை நியமியுங்கள். சிறப்புக் கல்வியும் தெரிந்து, ஷாப் ஃப்ளோரும் பழகியவர்களாக அவர்கள் இருப்பது அவசியம்.

உங்களில் சிலருடைய அறக்கட்டளைகள் கல்லூரியோடு மருத்துவமனையையும், குடும்பங்கள் மில்லையும் நடத்துகின்றன. சலவைப் பிரிவு, உணவகம், ஸ்டோர், கோப்பு அறை என்று பழகுவதற்கான இடங்கள் உங்கள் வளாகத்திலேயே இருக்கின்றன. பயிற்சிக்கான இடத்துக்காக வெளியே எவரிடமும் கேட்டு நிற்காமல் நீங்களே தொடங்கலாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பயிற்சி என்ற பெயரில் கூலியில்லாத ஆட்களாக இவர்களை வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்தையும் அனுமதிக்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும், வேலையில் அமர்ந்தபின் மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் உண்டு என்பது கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது போக்குவரத்தைப் பற்றித்தான். கல்லூரிப் பேருந்தில் இவர்களுக்கும் இடம் கொடுத்தால் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பை அச்சுக்கு அனுப்பும் முன், உங்கள் பகுதிச் சிறப்புப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் பெற்றோரையும் அருகிலுள்ள கம்பெனிகளின் மனிதவள அலுவலர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழையுங்கள். முதலாண்டில் பத்துப் பேரைச் சேர்த்தாலும் போதும். அவர்களைத் தேர்ந்தெடுத்து, தயார்படுத்தி அனுப்பும் பொறுப்பை எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு சிறப்பாசிரியர்