ஒளிப்படக் கழகங்களே, ஒரு மாலையை வானத்துக்குக் கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஒளிப்படக் கழகங்களை நடத்திவரும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மாதக் கூட்டங்களுக்கு இப்போது பால்வீதிப் படங்கள் நிறைய வருகின்றன. கோபுரத்துக்கு மேலே, மலை முகட்டுக்கு மேலே, கரையில் கிடக்கும் படகுக்கு மேலே. நடுவர் கூர்மையைப் பார்க்கிறார், கட்டமைப்பைப் பார்க்கிறார், மதிப்பெண் போடுகிறார். அதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. அந்த வானத்தில் தெரிவது என்ன என்ற பேச்சே எழுவதில்லை. வருடத்தில் ஒரு மாலையாவது போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, அறிவியலும் படமும் இசையும் சேர்ந்த வானியல் நிகழ்ச்சி ஒன்றை நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதைக் கேட்டு ரசிக்க உங்கள் உறுப்பினர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. விண்வெளியில் பரவிக் கிடக்கும் வாயு, தூசு மேகமான ஓரையன் நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறப் புகை மாதிரி இருக்கும். கேமராவில் அதுவே இளஞ்சிவப்பு. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. சென்சாரோ நிமிடக் கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சிவப்பு, ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஒளி. சாதாரண கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. வானத்துக்கென்றே சிலர் அந்த ஃபில்டரைக் கழற்றி மாற்றுவது இதனால்தான்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த, கழுகு நெபுலாவின் தூண் போன்ற வாயு மேகங்களின் படம் வேறு கதை. அதில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். உண்மையில் கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியுமே சிவப்புதான்; எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே ஹைட்ரஜனுக்குப் பச்சையைக் கொடுத்தார்கள். மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைத் தனித்தனியாகத் திரையில் காட்டி, ஒவ்வொன்றாக நிறமேற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அறிவியலும் கலையும் எந்த இடத்தில் கைகோக்கின்றன என்று அரங்கமே பார்த்துவிடும். இதே நேர்மை நம் படங்களுக்கும் வேண்டும். வேறோர் ஊரில் எடுத்த பால்வீதியைக் கோபுரத்தின்மேல் ஒட்டியிருந்தால், சொல்லிவிட்டுக் காட்டச் செய்யுங்கள்.

அடுத்தது இசை. நான் பார்த்த நிகழ்ச்சிகள் சிலவற்றில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே முழக்கம். பேசுபவர் அதற்கு மேல் குரலை உயர்த்தித் திண்டாடினார். படத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக இசையைப் போடாதீர்கள். சந்திரா எக்ஸ்ரே விண்நோக்கியின் குழுவினர் 2020இல் பால்வீதி மையத்தின் படத்தையே ஒலியாக மாற்றினார்கள். படத்தை இடமிருந்து வலமாக வருடிக்கொண்டே போகும்போது மேலே இருக்கும் ஒளி மேல் ஸ்தாயியிலும் கீழே இருப்பது கீழ் ஸ்தாயியிலும் கேட்கும். பிரகாசம் கூடினால் ஓசை கூடும். பார்வையற்றவர்களும் அந்தப் படத்தை அறிந்துகொள்ள இது வழி. பார்வை இழந்த பின்பும் வான் தரவுகளைக் காதால் கேட்டே ஆராய்ச்சி செய்தவர் வாண்டா டியாஸ் மெர்செட். உங்கள் நிகழ்ச்சிக்குப் பார்வையற்ற ரசிகர்களையும் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பொக்கிஷம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தேய்பவை. அந்தப் படங்களை வரிசையாக ஓட்டி, புள்ளிகள் பெருகும்போது மிருதங்கம் காலத்தைக் கூட்டவும் குறையும்போது விளம்பத்துக்கு இறங்கவும் செய்தால், நூறாண்டுச் சூரியனைத் தாளத்தில் கேட்கலாம். நல்ல மிருதங்க வித்வான் ஒருவர் மனம் வைத்தால் போதும், இது அருமையாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன். காவலூர் வான் ஆய்வகத்தையும் விட்டுவிடாதீர்கள்: 1988இல் அங்கே கண்டுபிடித்த 4130ஆம் குறுங்கோளுக்குத்தான் கணிதமேதை ராமானுஜன் பெயர்.

அரங்கை நன்றாக இருட்டாக்குங்கள். புரொஜெக்டரில் கறுப்பு கறுப்பாகவே தெரிகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மங்கலான நட்சத்திரங்கள் அத்தனையும் போய்விடும்.

மார்கழி இதற்கு ஏற்ற மாதம். திருவாதிரை நட்சத்திரம் அப்போது பொழுது சாய்ந்ததுமே கிழக்கில் ஏறத் தொடங்கிவிடும். திருவாதிரைத் திருநாளன்று மட்டும் வேண்டாம், அது பௌர்ணமியை ஒட்டி வருவது, நிலவொளி வானத்தை வெளுத்துவிடும். அமாவாசைக்குப் பக்கத்துச் சனிக்கிழமையைப் பிடியுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உறுப்பினர்கள் ட்ரைபாடோடு ஊருக்கு வெளியே போக ஒரு வேனும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
இரவு வானைப் படமெடுக்கும் ஓர் ஒளிப்படக்காரர்